அபர்டீனில் காற்று எப்படி?

அவருடைய அந்தப் பழக்கத்தை நான் முதலில் பார்த்தது லண்டன் கிங்ஸ்பரியில், ஒரு கலியாண மண்டபத்தில். மாப்பிள்ளையின் தகப்பனாரோடு ஒன்றாகப் படித்தவர் என்ற முறையில் அவரை இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருந்தார்கள். பேசினார், கைதட்டினார்கள், இறங்கினார். சாப்பாட்டுக்கு வரிசை தொடங்கி, பாதிப்பேர் கையில் தட்டோடு நிற்கும்போது மைக்கில் மறுபடி அவருடைய குரல் கேட்டது.

“ஒரு சின்னத் திருத்தம். மாப்பிள்ளையின்ர தகப்பன் கணிதத்தில வகுப்பில முதலாம் ஆள் எண்டு சொன்னனான். இருந்து யோசிச்சுப் பார்த்தன். முதலாம் ஆள் வேற ஒருத்தர். இவர் மூண்டாம் ஆள். மற்றபடி சொன்னது எல்லாம் சரி.”

மண்டபம் சிரித்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் சிரிக்கவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற, திருத்தம் சொன்னவரின் மனைவி, எனக்கு அன்ரி, வடையை எடுத்தபடியே சொன்னார்.

“உதென்ன பெரிசு. எங்கட கலியாணத்தண்டு மணவறையில வைச்சே திருத்தினவர். தரகர் இவரை ஐஞ்சடி ஏழு எண்டு சொல்லிப்போட்டாராம். தாலிக்கு முதல் குனிஞ்சு என்ர காதில சொல்லுறார், ‘நான் ஐஞ்சடி ஆறுதான், யோசிச்சுச் சொல்லும்’ எண்டு. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் என்னத்தை யோசிக்கிறது?”

“நீங்கள் என்ன சொன்னீங்கள், அன்ரி?”

“பேசாமல் இருங்கோ எண்டனான். இண்டைவரைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன்.”

அவருடைய பெயரை எழுதவில்லை. லூயிஷாம் பக்கம் இருப்பவர்களுக்கு யாரென்று தெரியும். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மின்பொறியியல் படித்து முடித்த கையோடு, விக்டோரியாவுக்கு அருகே ஒரு ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். மின்சாரம் உற்பத்தி செய்யும் கம்பனிகளுக்கு ஆராய்ந்து அறிக்கை எழுதிக் கொடுப்பது அங்கே தொழில். அவர் அங்கே ஏற்கெனவே இருந்தார். இரண்டு பேருக்கும் வீடு லூயிஷாமில், காலையில் ஒரே ரயில். அலுவலகத்தில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். தகப்பன் வயதுக்காரரை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, அங்கிள் என்றேன். சில மாதத்தில் எங்கள் பிரிவு வெள்ளைக்காரர்களும் அங்கிள் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அதுதான் அவருடைய பெயர் என்று ஒருவர் கடைசிவரை நினைத்திருந்தார்.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டால் என்னால் வரிசையாகத்தான் சொல்ல முடியும். ஒல்லி. வெயில் நாளிலும் கையில் குடை. தேநீருக்கு நிறையச் சீனி. பேப்பரில் குறுக்கெழுத்தைப் பேனாவால் நிரப்புவார், பிறகு பேனாவாலேயே வெட்டுவார். ‘இருக்கலாம்’, ‘போலிருக்கிறது’ என்ற சொற்கள் அவரிடம் கிடையாது. எதையும் அடித்துச் சொல்வார். பிழை என்று கண்டால் அதே குரலில், அதே ஆட்களிடம் போய், அதை மாற்றிச் சொல்வார். மற்றவர்களுக்கு இதில் முதற்பாதி வரும். எனக்கும் அப்படித்தான்.

அதற்கு முன் அவர் தேம்ஸ் ஆற்றங்கரையில் ஒரு நிலக்கரி மின்நிலையத்தில் ஷிப்ட் இஞ்சினியராக இருந்தவர். எண்பதுகளில் அதை மூடிவிட்டார்கள். அப்போது இந்த நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதான் வந்தது. அவர் நிலக்கரியின் பக்கம். அதை ஒளிக்கவும் இல்லை.

“நிலக்கரி சொன்ன சொல் கேக்கும், பிள்ளை. கூடப் போட்டால் கூட எரியும், குறையப் போட்டால் குறைய எரியும். காத்து ஆரின்ர சொல்லையும் கேளாது,” என்று ரயிலில் சொல்வார்.

சுரங்கத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் நடந்த காலத்துக் கதையை அன்ரிதான் சொன்னார். அந்த மாரிக் குளிர்காலத்தில் நிலக்கரி வராமல் கட்டாயம் விளக்கு அணையும் என்று இவர் தெரிந்த தமிழ் வீடெல்லாம் போய்ச் சொன்னாராம். மின்நிலையத்தில் வேலை செய்கிறவர் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? ஆளாளுக்குப் பெட்டிபெட்டியாக மெழுகுதிரி வாங்கி அடுக்கினார்கள். மாரி முடிந்தது, விளக்கு அணையவில்லை. இவர் மறுபடி வீடுவீடாகப் போய், “நான் சொன்னது பிழை” என்று சொல்லி, மெழுகுதிரிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். சிவன் கோயிலுக்கு மெழுகுதிரி உதவாது. கடைசியில் டூட்டிங்கில் இருந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் மூலம் அவர்களுடைய தேவாலயத்துக்குக் கொடுத்தாராம்.

“பாதர் இவரைப் பெரிய பக்திமான் எண்டு நினைச்சு வீட்டுக்கு வந்திட்டார்,” என்றார் அன்ரி. “அவருக்கும் ஒரு திருத்தம் சொல்லி அனுப்பினவர்.”

கேட்கும்போது சிரிப்பாகத்தான் இருக்கும். என்மீது விழுந்தபோது சிரிப்பு வரவில்லை.

நான் செய்த முதல் பெரிய கணிப்பை அவர் நிறுவன இயக்குநரிடம் போய்ப் புகழ்ந்திருந்தார். இயக்குநர் வழியில் நின்று என் கையைக் குலுக்கினார். மறுநாள் காலை, ரயில் இரண்டு நிலையம் தாண்டியபோது அவர் தொண்டையைச் செருமினார்.

“நேற்று டிரெக்டரிட்ட உம்மைப் பற்றிச் சொன்னனான் எல்லே, அருமையான கணக்கு எண்டு.”

“ஓம் அங்கிள். பெரிய நன்றி.”

“இரவு திரும்பப் பார்த்தன். அருமை இல்லை. நல்ல கணக்கு. அவ்வளவுதான். பின்னேரம் அவரிட்டயும் சொல்லிவிடுறன்.”

அதன் பிறகு கொஞ்சக் காலம் நான் அடுத்த ரயிலில் போனேன். அத்தனை நாளும் அவர் முந்திய ரயிலில் தன் பக்கத்து இருக்கையில் குடையை வைத்து எனக்கு இடம் பிடித்திருக்கிறார். ரயிலில் தினமும் அவருக்கு எதிரே இருக்கும் ஒரு தாதிப்பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. மறுநாள் பழைய ரயிலுக்கே போனேன். குடையை எடுத்தார்.

இனிக் காற்றுக்கு வருகிறேன்.

நான் சேர்வதற்கு முன்பே எங்கள் நிறுவனம் ஒரு அறிக்கை எழுதியிருந்தது. இந்த நாட்டில் எதிர்காலத்தில் எதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பது பொருள். காற்றைப் பற்றிய அத்தியாயம் அவருடையது. அதில் ஒரு வரி ஊரெல்லாம் பிரபலம்: ‘காற்று நின்றால் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நிற்கும், ஆகவே எவ்வளவு காற்றாலை கட்டுகிறோமோ அவ்வளவுக்கு நிலக்கரி நிலையமும் எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.’ நிலக்கரி நிலையங்கள் வைத்திருந்த ஒரு கம்பனிக்கு இந்த வரி மிகவும் பிடித்துப்போய், அது எங்களுடைய முக்கிய வாடிக்கையாளர் ஆனது.

இந்த வரி எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன்.

“இதுக்கு என்ன ஆராய்ச்சி?” என்றார். “பருத்தித்துறையில சோளகக் காத்து விழுந்தால் ஊர்காவற்துறையிலயும் விழும். பட்டம் விட்ட சின்னப் பெடியனுக்கும் தெரியும். காத்து எண்டால் அப்பிடித்தான்.”

யாழ்ப்பாணத்துக்கு அது சரி. ஒரு காலைப்பொழுதில் சைக்கிளில் குறுக்கே கடந்துவிடக்கூடிய தட்டையான நிலம் அது. அங்கே காற்று வந்தால் எல்லோருக்கும் வரும், போனால் எல்லோருக்கும் போகும். அந்தக் காற்றை அவர் அப்படியே இந்த நீளமான நாட்டின் மேல் விரித்துவிட்டார். ஒரு ஆங்கிலேயர் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார். அவர் விடுமுறைக்குக் கோர்ன்வாலுக்கும் ஸ்கொட்லாந்துக்கும் போய் நனைந்து வந்திருப்பார். எங்கள் ஆட்கள் விடுமுறைக்குப் போவது சொந்தக்காரர் வீட்டுக்கு. அங்கே போனாலும் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருந்து கதைப்போம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில்தான் எனக்கு மத்தியானச் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு தொலைபேசி தொடங்கும், அன்று கட்டணம் குறைவு. ஊரில் சண்டை. அங்கே தொலைபேசியும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஆகவே இங்கே இருப்பவர்கள் ஒருவரையொருவர் அழைத்து, யாருக்கு யார் மூலம் என்ன செய்தி வந்தது என்று கேட்டுக்கொள்வார்கள். அன்ரியின் தம்பி வடக்கே ஸ்கொட்லாந்தில், அபர்டீனில் டொக்டர். தங்கை மேற்கே கார்டிஃபில். அங்கிளுடைய சித்தப்பா மகன் தெற்குக் கரையில், பிளிமத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்தார். கதை எப்போதும் காலநிலையில் தொடங்கும். பயமான செய்திக்கு முன்னால் கொஞ்சம் மழையைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் தேவையாக இருந்தது.

அப்படி ஒரு ஞாயிறு, லூயிஷாமில் ஒரு இலை அசையவில்லை. பின்வளவுக் கொடியில் போட்ட சேலை பலகைபோல நின்றது. அவர் அபர்டீனோடு கத்திக்கொண்டிருந்தார்.

“அங்க என்ன இரைச்சல்? ஒண்டும் கேக்கேல்லை.”

அபர்டீன்காரர் இன்னும் பலமாகக் கத்தினார். அது எனக்கே கேட்டது. “காத்து, அத்தான். பக்கத்து வீட்டு ஷெட்டின்ர கூரை எங்கட வளவுக்க கிடக்கு.”

“இஞ்ச ஒரு சொட்டுக் காத்தில்லையே.”

“அதுக்கு நான் என்ன செய்ய? கொஞ்சம் அனுப்பிவிடவோ?”

அவர் சிரிக்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு, ஜன்னலால் சேலையைப் பார்த்தபடி நின்றார். பிறகு அன்ரியின் தங்கையை அழைத்தார். கார்டிஃபில் நடுத்தரக் காற்று. பிறகு பிளிமத்.

“தம்பி, உங்கை காத்து எப்பிடி?”

“எந்தக் காத்தண்ணை? கார் ரயருக்கு அடிக்கிறதோ? அது இஞ்ச ஃப்ரீ.”

அந்த ஞாயிற்றிலிருந்து ஊர்ப் புதினத்துக்கு முன்னால், சுகம் விசாரிப்பதற்கும் முன்னால், அவர் கேட்கும் கேள்வி அதுவாகிவிட்டது. சொந்தக்காரர்கள் தங்களுக்குள் சிரித்தார்கள். ஆனால் பதில் சொன்னார்கள். அபர்டீன்காரர் தோட்டத்தில் ஒரு நாடாவைக் கட்டிவைத்து, அதைப் பார்த்துச் சொல்லும் அளவுக்குப் போய்விட்டார்.

ஒரு திங்கட்கிழமை ரயிலில் என்னிடம் கேட்டார், வானிலைப் பதிவுகளை எடுத்துப் பார்க்கலாமா என்று. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பல ஆண்டுகளின் காற்று வேகத்தை வரவழைத்தேன். கணினியில் ஏற்றினேன். ஒரு இடத்தில் காற்று நிற்கும்போது மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று படம் போட்டேன். படத்தை அவருடைய மேசையில் வைத்தேன். பெரும்பாலான நேரம் எங்கேயோ ஒரு மூலையில் காற்று அடித்துக்கொண்டே இருந்தது.

நெடுநேரம் பார்த்தார்.

“மடையன் வேலை பார்த்திருக்கிறன், பிள்ளை,” என்றார். கவலை இல்லாத முகம். நல்ல செய்தி கிடைத்தவர்போல இருந்தார்.

அந்த நேரத்தில்தான் அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் ஒரு குழு, காற்றாலைகளுக்கு இனி ஆதரவு கொடுப்பதா விடுவதா என்று விசாரித்துக்கொண்டிருந்தது. எங்கள் நிலக்கரி வாடிக்கையாளர் பழைய அறிக்கையைக் குழுவின் முன் வைக்க விரும்பினார். எழுதியவரே நேரில் வந்து வாசிக்க வேண்டும் என்றும் விரும்பினார்.

இயக்குநர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் யோர்க்ஷயர்காரர். தகப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். கெட்ட மனிதர் அல்ல.

“உங்கள் புதிய படம் மிக நன்றாக இருக்கிறது, அங்கிள்,” என்றார் ஆங்கிலத்தில். “ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. கேட்டது பழையதை. இந்த வாடிக்கையாளர் போனால் உங்களுக்குக் கொடுக்க என்னிடம் வேறு வேலை இல்லை. இதை நான் மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மை அதுதான்.”

“விளங்குகிறது,” என்றார் இவர்.

ஐம்பதைத் தாண்டிய, எங்கள் நிறத்து மனிதர் ஒருவருக்கு அந்த லண்டனில் இரண்டாவது தடவை இஞ்சினியர் வேலை கிடைப்பது எவ்வளவு கடினம் என்று மூன்று பேருக்கும் தெரியும். மின்நிலையம் மூடிய பிறகு இந்த வேலை கிடைக்கும்வரை அவர் எத்தனை விண்ணப்பம் போட்டார் என்று அன்ரி சொல்லியிருக்கிறார். இரண்டு பெண்பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிறு அன்ரி கறிச்சட்டியை இறக்கிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீர் சொல்லும், பிள்ளை. நான் சொன்னால் இவருக்கு ஏறாது.”

என்னிடம் மூன்று யோசனைகள் தயாராக இருந்தன. ஒன்று, அன்றைக்குச் சுகமில்லை என்று சொல்லி வேறு ஒருவரை அனுப்புவது. இரண்டு, அத்தியாயத்தை வாசித்துக்கொண்டு போய் அந்த வரியை மட்டும் விட்டுவிடுவது. மூன்று, இப்போது வாசித்துவிட்டு, சில மாதம் கழித்துப் புதிய பதிப்பில் மாற்றுவது. அவர் மூன்றையும் கவனமாகக் கேட்டார்.

“மூண்டும் நல்ல யோசனை,” என்றார். “மூண்டிலயும் அந்த வரி அப்பிடியே இருக்கும்.”

“இருந்தால் என்ன?” என்றார் அன்ரி. “ஆரின்ர தலையிலயும் விழப்போகுதே?”

“விழாது. அதை நம்பி ஒருத்தரும் ஒரு காத்தாலையும் கட்டமாட்டினம். எதுவும் கட்டினால்தானே விழுகிறதுக்கு.”

அன்ரி சோற்றைப் போட்டார். அங்கிளுடைய தட்டில் கொஞ்சம் கூடுதலாகவே போட்டார். அது கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

குழு கூடியது வெஸ்ட்மின்ஸ்டருக்கு அருகே ஒரு பழைய கட்டிடத்தில். தலைவராக இருந்தவர் நரைத்த முடியும் மெல்லிய குரலும் உள்ள ஒரு பெண்மணி. நிலக்கரிக் கம்பனியின் ஆள் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இவர் எழுந்து, அறிக்கையைத் திறந்து, அந்த வரியைத் தெளிவாக வாசித்தார்.

“இதை எழுதியவன் நான். இது பிழை,” என்றார் ஆங்கிலத்தில். பிறகு லூயிஷாமில் அசையாத சேலையையும் அபர்டீனில் பறந்த கூரையையும் சொன்னார். அதன் பிறகுதான் என்னுடைய படத்தைக் காட்டினார்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இந்த அறிக்கையில் வேறு ஏதாவது பிழை இருக்கிறதா?”

சிலர் சிரித்தார்கள். இவர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். “ஓம். பின்னால் ஒரு வரைபடம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது.” அந்த ‘ஓம்’ மட்டும் தமிழில் வந்துவிட்டது.

முன்வரிசை ஆள் எழுந்து போனார். கதவை மிக மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

வாடிக்கையாளர் போய்விட்டார். மார்ச் மாதக் கடைசியோடு வேலை முடியும் என்று இயக்குநர் இவரிடம் சொன்னார். சொல்லும்போது இவருடைய தோளில் கையை வைத்திருந்தார். ஆனால் அதற்குள் குழுவிடமிருந்து ஒரு சிறிய வேலை வந்தது: நாடு முழுவதற்கும் காற்றைச் சரியாக ஆராய்ந்து மறுபடி வந்து சொல்லுங்கள் என்று. கூடவே காற்றாலை கட்டும் ஒரு புதிய கம்பனியின் மேலாளரும் வந்தார். கம்பளிச் சட்டை போட்ட இளைஞர். நிலக்கரிப் பக்கம் இருந்தவரே மாறிவிட்டார் என்பதில் அவருக்கு அளவில்லாத மகிழ்ச்சி. வரும்போதெல்லாம் பிஸ்கட் கொண்டுவந்தார். ஆராய்ச்சி முடிந்ததும் தங்களிடம் நிரந்தர வேலை இருக்கிறது என்று என் முன்னாலேயே சொன்னார். அன்ரி சிவன் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்வித்தார்.

தை மாதத்தில் குளிர் இறங்கியது. பனிப்புகார் வந்து நகரத்தின் மேல் உட்கார்ந்து எழும்ப மறுத்தது. ஞாயிறு மத்தியானம் அவர் அபர்டீனை அழைத்தார்.

“நாடா தொங்குது, அத்தான். புகை நேர மேல போகுது. நல்ல வடிவான நாள்.”

கார்டிஃபிலும் ஒன்றுமில்லை. பிளிமத்துக்காரர் கடல் தட்டுப்போலக் கிடக்கிறது என்றார். அவர் ரிசீவரை வைத்தார். சமையலறை வாசலில் அன்ரி கை துடைக்கும் துவாயைப் பிடித்தபடி நின்றார்.

“திரும்பவும் போய் மாத்திச் சொல்லப்போறியளோ?”

எங்கள் மூன்று பேருக்கும் பதில் தெரியும்.

பதிவுகளை மறுபடி தோண்டினேன். சராசரி எடுத்ததில் அப்படிப்பட்ட நாட்கள் கரைந்துபோயிருந்தன. தனியாகத் தேடினால் வந்தன. அடிக்கடி இல்லை. ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு மாரியிலும், நாடெங்கும் ஒரே நேரத்தில் காற்று விழும் சில நாட்கள் இருந்தன. அவை பெரும்பாலும் கடும்குளிர் நாட்கள். எல்லோரும் ஹீட்டர் போடும் நாட்கள்.

கம்பளிச் சட்டை மேலாளர் பிஸ்கட்டைத் திறக்காமலே மேசையில் வைத்தார். “இதைக் கடைசியில் ஒரு பின்னிணைப்பாகப் போடலாமே?” என்றார்.

“முதல் பக்கத்தில் போடப்போகிறேன்,” என்றார் இவர்.

அன்று வீடு திரும்பும் ரயிலில் எனக்குப் பொறுமை போய்விட்டது. “அங்கிள், ஒருக்கால் திருத்தினால் நேர்மை எண்டுவினம். ரெண்டாந்தரம் திருத்தினால் இந்த ஆளுக்கு ஒண்டும் தெரியாது எண்டுவினம்.”

“அப்பிடிச் சொல்லுறதும் முழுக்கப் பிழை இல்லை,” என்றார். குடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “பயமாத்தான் கிடக்கு, பிள்ளை. மூத்தவள் இன்னும் ஒரு வருசம் படிக்கோணும்.”

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மாசியில் அதே கட்டிடம், அதே அறை. இந்தத் தடவை முன்வரிசையில் காற்றாலைக்காரர்கள். இவர் எழுந்து, போன தடவை தான் சொன்னதில் ஒரு பகுதி பிழை என்றார். யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. தலைவர் பேனாவை வைத்தார்.

“அப்படியானால் உங்கள் பழைய அறிக்கைதான் சரியா?”

“இல்லை. அதில் ‘எப்போதும்’ என்று எழுதினேன். அது சில நாட்கள்.”

“அந்தச் சில நாட்களில் மக்கள் குளிரில் இருப்பதா?”

அப்போதுதான் அங்கிளின் முகம் மாறியது. அறிக்கையை மூடிவிட்டார். தாளைப் பார்க்காமல், ஆற்றங்கரை ஷிப்டுகளில் வேலை செய்தவராகப் பேசினார். நிலக்கரி நிலையம் வருடம் முழுவதும் எரிந்துகொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. சிலவற்றைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஆட்களைப் பழக்கத்தில் வைத்திருந்தால் போதும். காற்று விழப்போகிறது என்று வானிலைக்காரர் முன்கூட்டியே சொல்வார். அப்போது கொதிகலனை அவசரப்படாமல், மெதுமெதுவாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் குழாய் வெடிக்கும். அவர் கையை மேலே தூக்கித் தூக்கிக் காட்டினார், ஒரு நோயாளியை எழுப்பி உட்கார வைப்பதுபோல. குழுவில் எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மற்ற நாட்களில்?” என்று கேட்டார் தலைவர்.

“மற்ற நாட்களில் அணைத்து வைக்கலாம்.”

அறையில் எல்லோரும் எழுதத் தொடங்கினார்கள். நிலக்கரியை இவ்வளவு நேசித்த ஒருவர் அதை அணைக்கச் சொன்னதை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. அந்தக் குழு என்ன பரிந்துரைத்தது, அதில் எவ்வளவு நடந்தது என்பதெல்லாம் நீண்ட கதை. எல்லாம் நடக்கவில்லை. ஆனால் இப்போது ரயிலில் மேற்கே போனால், வேல்ஸ் மலைகளில் வெள்ளை இறக்கைகள் சுற்றுவதை ஜன்னலால் பார்க்கலாம்.

வெளியே தாழ்வாரத்தில் கம்பளிச் சட்டை மேலாளர் காத்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

“இன்றைக்கு எங்களுக்கு நீங்கள் செய்தது உதவி அல்ல,” என்றார்.

“தெரியும்.”

“ஆனால் நாங்கள் காற்றாலை கட்டப்போகும் மலையில் எத்தனை நாள் காற்று நிற்கும் என்று எங்களில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. பணம் போடுகிறவர்கள் கேட்கத்தான் போகிறார்கள். உங்களைப்போல் ஒருவர் சொன்னால் நம்புவார்கள்.” பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தார். “ஏப்ரலில் வர முடியுமா?”

“உங்கள் மலை நல்ல மலை இல்லை என்றால் அப்படியே எழுதுவேன்.”

“அந்தப் பயம் எனக்கு இருக்கிறது. ஏப்ரலில் வாருங்கள்.”

விக்டோரியா நிலையத்தில் ரயிலுக்கு நேரமிருந்தது. தொலைபேசிக் கூண்டுக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். அவர் காசைப் போட்டு வீட்டை அழைத்தார். அன்ரியின் குரல் எனக்கும் கேட்டது.

“நீட்டாதேங்கோ. வேலை இருக்கோ, இல்லையோ?”

“இருக்கு. புதுக் கம்பனியில. ஏப்ரலில இருந்து.”

“நிச்சயமாவோ?”

அவர் யோசிக்கத் தொடங்கினார். நான் ரிசீவரைப் பறித்து, “நிச்சயம், அன்ரி,” என்றேன்.